கெர்லோக் கப்பல் ஃபிஷ்கார்டுக்குப் போகாதது சரியா?

நெய்தல்:
இரண்டாம் உலகப் போரில் நடுநிலை வகித்த அயர்லாந்து கைகட்டி வேடிக்கை பார்த்தது என்று துறைவன் எழுதியதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. 1943 டிசம்பர் 29 அன்று, லிஸ்பனிலிருந்து ஆரஞ்சு ஏற்றித் திரும்பிய 142 அடி நீள அயர்லாந்துச் சரக்குக் கப்பல் கெர்லோக், பிஸ்கே விரிகுடாவில் மூழ்கிய ஜெர்மன் போர்க்கப்பல்களின் மாலுமிகள் 168 பேரை மணிக்கணக்கில் போராடிக் கடலிலிருந்து மீட்டது. இதுவா வேடிக்கை?

துறைவன்:
மீட்டதை யார் மறுத்தார்கள்? வேல்ஸில் உள்ள ஃபிஷ்கார்டில் நின்று பிரிட்டனின் சோதனைக்கு உட்படுவோம் என்று ஒப்புக்கொண்டுதான் அயர்லாந்துக் கப்பல்கள் பயண அனுமதி பெற்றன. அங்கே வரும்படி வானொலியில் உத்தரவு வந்தும் கெர்லோக்கின் கேப்டன் தாமஸ் டொனொஹ்யூ அயர்லாந்தின் கோவ் துறைமுகத்துக்கே போனார். ஒப்புக்கொண்டதை மீறுவது நடுநிலை ஆகாது.

நெய்தல்:
ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பிரான்ஸின் பிரெஸ்ட், லா ரொஷேல் துறைமுகங்களில் ஒன்றுக்குப் போகும்படி மீட்கப்பட்ட ஜெர்மானியர் கேட்டதையும் அவர் மறுத்தாரே, அது உங்கள் கண்ணில் படவில்லையா? 1944 ஜனவரி 1 அன்று கோவ் துறைமுகத்தில் இறங்கிய ஜெர்மானியர்கள் போர் முடியும்வரை அயர்லாந்தின் கர்ரா முகாமில் காவலில் இருந்தார்கள். இரு தரப்புக்கும் ஆளைக் கொடுக்காததே நடுநிலை.

துறைவன்:
ஃபிஷ்கார்டுக்குப் போனாரா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கரைவலை:
1942 நவம்பரில் ஐரிஷ் பைன் என்ற அயர்லாந்துக் கப்பலை 33 பேரோடு மூழ்கடித்தது ஜெர்மன் நீர்மூழ்கி. அவர்களின் மாலுமிகளைக் காப்பாற்றியதைக் கொண்டாடும்போது அந்த 33 பேரின் பெயரையும் சொல்ல வேண்டாமா?

நெய்தல்:
ஐரிஷ் பைனைப் பற்றி நான் எழுதியபோது ஒரு வரிகூடப் பதில் எழுதாத நீங்கள் இன்று அந்த 33 பேரை எனக்கு நினைவூட்ட வேண்டாம். மிதந்துகொண்டிருப்பவனின் சீருடையைப் பார்த்துக் கயிறு வீசுகிறவன் மாலுமியே அல்ல. துறைவன் அவர்களே, 1943 அக்டோபர் 23 அன்று இதே கெர்லோக்கைச் சுட்டவை பிரிட்டனின் விமானப்படையைச் சேர்ந்த விமானங்கள். அன்றைய கேப்டன் டெஸ்மண்ட் ஃபார்ச்சூன் படுகாயமடைந்தார், குண்டுகள் நிலக்கரிச் சரக்கில் புதைந்ததால்தான் கப்பல் தப்பியது. அப்படிச் சுட்டவர்களிடம், உயிருக்குப் போராடியவர்களை ஏற்றிக்கொண்டு போய் நிற்க வேண்டுமா?

துறைவன்:
அக்டோபரில் சுட்டது பெரும் தவறு. ஆனால் அதைக் காட்டி டிசம்பரில் உத்தரவை மீற முடியாது. அவர் ஃபிஷ்கார்டுக்குப் போயிருக்க வேண்டும்.

நெய்தல்:
கோவுக்குப் போனதுதான் சரி. எத்தனை முறை கேட்டாலும் இதையே சொல்வேன்.