443-இலிருந்து வந்த பாக்கெட் தாக்குதலா?

வலைக்காவலன்: ஃபயர்வால் (கணினிக்கு வரும் தரவைச் சோதித்துத் தடுக்கும் காவல் மென்பொருள்) எழுதும் பதிவேடான லாக்கில் ‘பிளாக்’, அதாவது தடுத்தேன், என்று விழும் ஒவ்வொரு வரியும் ஒரு தாக்குதல்தான் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஆதாரமாக அவர் காட்டியதையே பாருங்கள். உபுண்டு லினக்ஸின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூ எழுதிய வரி: எஸ்பிடி (அனுப்பிய போர்ட்)=443, டிபிடி (பெறும் போர்ட்)=51522, கடைசியில் இணைப்பை முறிக்கும் குறியான ஆர்எஸ்டி. அனுப்பிய பக்கத்தின் போர்ட், அதாவது வாசல் எண், 443; பாதுகாப்பான இணையதளங்களின் வாசல் அது. நீங்கள் திறந்த இணையதளம் உங்களுக்கே அனுப்பிய பதில் இது. தாக்குதல் எங்கே இருக்கிறது?

மதில்: எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே கேட்கலாம். பதில் என்றால் ஃபயர்வால் ஏன் தடுக்கிறது?

வலைக்காவலன்: காலம் கடந்து வந்த பதில். லினக்ஸின் மையமான கெர்னல் ஒவ்வொரு இணைப்பையும் ஒரு பட்டியலில் வைத்திருக்கிறது. முறையாக முடிந்த இணைப்பை வழக்கமாக 120 விநாடியில் மறந்துவிடும். ஆர்எஸ்டியால் முறிந்தது என்றால் 10 விநாடிதான். அதற்குப் பிறகு வரும் பாக்கெட் (தரவுத் துண்டு) எந்த இணைப்பைச் சேர்ந்தது என்று ஃபயர்வாலுக்குத் தெரியாது, கீழே போட்டுவிடுகிறது. புதிதாக நுழையப் பார்ப்பவன், இணைப்பைத் தொடங்கக் கேட்கும் ‘சின்’ என்ற குறியோடு வருவான். உங்கள் வரியில் சின் எங்கே?

மதில்: மூலப் போர்ட்டை 443 என்று யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இதுகூடத் தெரியாமலா பாடம் எடுக்கிறீர்கள்?

வலைக்காவலன்: வைத்துக்கொள்ளலாம். சற்று முன் உங்கள் கணினி அதே 51522-இலிருந்து அதே ஐபி முகவரிக்குப் போனதா என்று பார்த்தீர்களா?

மதில்: 443-இலிருந்து வந்தது, தடுக்கப்பட்டது. எனக்கு அது போதும்.

கம்பிவடம்: அதே வரியில் மேக் (நெட்வொர்க் கருவியின் வன்பொருள் முகவரி) என்ற இடத்தில் பதினான்கு ஜோடி எழுத்துகள் இருக்கின்றன. மேக் முகவரிக்கு ஆறுதானே? யாரோ போலி முகவரியோடு வருகிறார்கள்.

வலைக்காவலன்: போலி இல்லை. முதல் ஆறு உங்கள் கணினி, அடுத்த ஆறு பெரும்பாலும் உங்கள் ரவுட்டர். கடைசியில் நிற்கும் 08:00, உள்ளே இருப்பது ஐபிவி4 (ஐபியின் நான்காம் பதிப்பு) பாக்கெட் என்பதற்கான குறி.

பழையமோடம்: எல்லாவற்றையும் சத்தமில்லாமல் டிராப் செய்வதால் வரும் வினை இது. ரிஜெக்ட் வைத்தால் எதிராளிக்கு உடனே பதில் போய்விடும். திரும்பத் திரும்பத் தட்ட மாட்டான்.

மதில்: இங்கே ஒரு கணினி இருக்கிறது என்று ஊருக்கே பறைசாற்றச் சொல்கிறீர்கள். போன மாதம் பிங்கை (கணினி இருக்கிறதா என்று கேட்கும் செய்தியை) அடைக்காதே என்று சண்டைக்கு வந்தவரும் நீங்கள்தானே?

பழையமோடம்: நீங்கள் அடைத்தது பிங்கை மட்டுமல்ல, பிங்கும் பிழைத் தகவல்களும் போகும் ஐசிஎம்பி முழுவதையும். வழியில் எவ்வளவு பெரிய பாக்கெட் போகும் என்ற தகவலும் அதில்தான் வருகிறது. அது நின்றால் சில தளங்கள் பாதியில் தொங்கும். அன்றும் சொன்னேன், நீங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வலைக்காவலன்: பிங் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மதில், உங்கள் லாக்கிலேயே வெளியாள் தட்டிய வரி ஒன்று இருக்கிறது; அதைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். டிபிடி=23, கூடவே சின். டெல்நெட் (கருவிகளைத் தொலைவிலிருந்து இயக்கும் பழைய வழி) தேடி வந்தவன். 2016-இல் மிராய் என்ற தீநிரல், கேமராக்களையும் ரவுட்டர்களையும் வளைத்தது அந்த வழியாகத்தான். இன்னொரு வரியில் 224.0.0.1 என்று இருக்கிறதே, அது வீட்டு ரவுட்டரின் மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பல கருவிகளுக்கு அனுப்பும்) விசாரிப்பு. மூன்றின் தலையிலும் ஒரே ‘பிளாக்’. மூன்றையும் தாக்குதல் என்று எழுதினால் புதிதாகப் படிப்பவர்கள் பயந்து போவார்கள்.

மதில்: சொற்பொழிவுக்கு நன்றி. தடுத்தது தடுத்ததுதான்.

வலைக்காவலன்: சின் இருக்கிறதா, இல்லையா?

மதில்: முதலில் நீங்கள் சொல்லுங்கள். 443-இலிருந்து வந்ததா, இல்லையா?