மறு: மறு: ‘ஒற்றைத் தந்தை’ சரியா? (சப்டைட்டில், வெள்ளிக்குள் வேண்டும்)

க.: ஜார்ஜ் எலியட்டின் 1861 நாவல் ‘சைலஸ் மார்னர்’. 1985இல் பிபிசி அதைத் தொலைக்காட்சிப் படமாக்கியது. அதற்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறேன். சைலஸாக பென் கிங்ஸ்லி. கல்யாணமே ஆகாத தறிக்காரர், வீட்டுக்குள் தத்தித் தத்தி நடந்து வந்த குழந்தையைத் தனியாளாக வளர்க்கிறார். கதைக்குறிப்பில் ‘சிங்கிள் ஃபாதர்’ என்று இருக்கிறது. ‘ஒற்றைத் தந்தை’ போட்டேன். ஒற்றைத் தலைவலி மாதிரி இருக்கிறதாம், சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பிவிட்டார். வேறு சொல் உண்டா?

இரா.: தொல்காப்பியத்தில் தபுதார நிலை இருக்கும்போது என்ன தயக்கம்? தபுதாரன்.

ம.: ஐயா, அது தாரத்தை இழந்தவன். சைலஸுக்குத் தாரமே கிடையாது. இந்தக் கதையில் தபுதாரன் காட்ஃப்ரீ காஸ். ரகசியமாகக் கட்டிய மனைவி பனியில் செத்துக் கிடக்கிறாள், பிள்ளை தன்னுடையது என்று வாய் திறக்காமல் நிற்கிறான். அவனுக்கா இந்தப் பட்டம்?

இரா.: அப்படியென்றால் செவிலித்தந்தை. சங்கப் பாட்டில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி.

க.: இன்றைக்குச் செவிலியர் என்றால் ஊசி போடுகிறவர்.

வே.: ‘ஒற்றைப் பெற்றோர்’ பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். பெற்றோர் பலர்பால் வினையாலணையும் பெயர், முன்னால் ஒற்றை நிற்காது. ஆனால் ‘பெறு’வுக்குக் கிடைத்தல் என்ற பொருளும் உண்டு, அந்தக் கணக்கில் சைலஸும் பெற்றவரே. ‘தந்தை’யையே பாருங்கள்: எந்தை என் அப்பன், நுந்தை உன் அப்பன், தந்தை அவன் அப்பன். குறுந்தொகை 40இல் எந்தையும் நுந்தையும் வருகின்றன. ஆகவே படர்க்கையில்…

ம.: வே., வெள்ளி நாளை மறுநாள். என் ஓட்டு ‘தாயுமானவன்’. திருச்சி மலைக்கோட்டை தெரிந்த யாருக்கும் உரை வேண்டாம்.

க.: சொல் அழகு. பொருள்தான் உதைக்கிறது. தாய் வர முடியாததால் தாய் வடிவில் வந்த சிவன் அவர். சைலஸ் யார் வடிவமும் எடுக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண் டாலி வின்த்ராப் குழந்தைக்கு உடுத்திவிட வரும்போது, நானே செய்கிறேன், இல்லாவிட்டால் அது வேறு யாரிடமாவது ஒட்டிக்கொள்ளும் என்கிறார். உடுத்தக் கற்றுக்கொள்கிறார், நெய்யும்போது துணிப்பட்டையால் குழந்தையைத் தறியோடு கட்டிவைக்கிறார், அது கத்தரிக்கோலால் அறுத்துக்கொண்டு ஓடுகிறது. எல்லாமே அப்பன் வேலை.

இன்னொன்று, மென்பொருள் எண்ணுவது நம் எழுத்தை அல்ல. புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாம் தனிக் குறி. ஒற்றைத்தந்தை நமக்கு 7, அதற்கு 12. வளர்ப்புத் தந்தை 16. தனித்தந்தை 10. வரிக்கு 42தான் இடம்.

வே.: நாவலில் சைலஸ், குழந்தையும் தனி, நானும் தனி என்று சொல்லும் இடம் உண்டே. ‘தமியன்’ (தனித்தவன்) அங்கே அப்படியே பொருந்தும். தமித்தந்தை!

ம.: எழுத்துப்பிழை என்று நினைத்து ‘தமிழ்த்தந்தை’ ஆக்கிவிடுவார்கள்.

க.: என் ஓட்டு தனித்தந்தைக்கு. அதையே அனுப்புகிறேன். கூடவே ஒரு கேள்வி: தண்டனையாகக் கரிக்குழியில் வைத்தால், குளிப்பாட்டி உடை மாற்றிய மறுநிமிஷம் குழந்தை எப்பி தானே மறுபடி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு மழலையில் சொல்கிறாள். ‘எப்பி கலிக்குலியில’ போதுமா?

ம.: போதும். ழகரத்தை உடைத்ததே மழலைக்குச் சரி.

இரா.: தனித்தந்தை என்றால் தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை என்று படிப்பார்கள். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். புறநானூறு 312 ‘ஈன்று புறந்தருதல்’ என்கிறது, புறந்தருதல் என்றால் வளர்த்துக் காத்தல். புறந்தருதந்தை, வினைத்தொகை, ஒற்று மிகாது. குறிக்கணக்கை நாளை எழுதுகிறேன்.