புதுப்பிப்பு: வீட்டுப் பூனை கடித்த விஷயம்

மருந்து புகட்டும்போது எங்கள் வீட்டுப் பூனை கட்டைவிரலைக் கடித்துவிட்டது, ஊசி அவசியமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டினேன். அவசியம்தான்.

"வீட்டுக்குள்ளேயே வளர்றதுதானே சார்?" என்றேன். "மாடிக்கு எலி பிடிக்கப் போகாதாம்மா?" என்றார் டாக்டர். போகும்; வெளியே அதை எது கடித்ததென்று நமக்குத் தெரியாதே. ரத்தம் வந்த கடி மூன்றாம் வகையாம், அதாவது ஆபத்து அதிகமான வகை. அதனால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் (ரேபிஸ் கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து), கையில் ரேபிஸ் தடுப்பூசி, கூடவே டெட்டனஸ், டிப்தீரியாவுக்கான டிடி ஊசி. தோலுக்குள் போடும் தடுப்பூசிக்கு 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு (முதல் ஊசி போட்ட நாள்தான் 0).

நான் பயந்தது ரேபிஸுக்கு, படுத்தியது வேறு. பூனைப் பல் ஊசி மாதிரி, வெளியே சின்னப் புள்ளி, உள்ளே ஆழம். அதன் வாயிலிருக்கும் பாஸ்டுரெல்லா பாக்டீரியா உள்ளே போனதும் மேல்தோல் மூடிக்கொள்ளும். மறுநாள் காலையிலேயே விரல் வீங்கிச் சிவந்து, மடக்க முடியவில்லை. அமாக்சிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் வீக்கம் இறங்கியது. மூட்டுப் பக்கம் கடி என்றால் தாமதிக்கவே கூடாதாம்.

மஞ்சள், சுண்ணாம்பு வைக்கச் சொன்னவர்களுக்கு: வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவதுதான் முதல் வேலை. (பக்கத்து வீட்டு அத்தை இன்னும் சுண்ணாம்புக் கட்சிதான்.)

பூனையை 10 நாள் கவனிக்கச் சொன்னார்கள். நன்றாகச் சாப்பிடுகிறது, மீன்காரம்மா குரல் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறது. அப்புறம் அதற்கும் தடுப்பூசி போட வேண்டும். துண்டில் சுற்றித்தான் தூக்கிப் போவேன்.