தேவதைக் கதைகளை வைத்தே சிரிக்க வைக்கும் நாவல்கள்: எதில் தொடங்கலாம்?

கேள்வி:
வணக்கம். ஆங்கிலத்தில் சரளமாக வாசிக்கும் என் 11 வயது மகளுக்கு, இளவரசனுக்காகக் காத்திருக்கும் இளவரசிகளின் கதைகள் சலித்துவிட்டன. அந்த உலகத்தை விட்டு விலகாமல், அதன் வழக்கங்களைக் கொண்டே சிரிக்க வைக்கும் நாவல்களைப் பரிந்துரைப்பீர்களா?

மறுமொழி 1:
பட்ரீசியா ரீடியின் 'டீலிங் வித் டிராகன்ஸ்' (1990) நாவலில் தொடங்குங்கள். அரண்மனை வாழ்க்கையில் சலிப்புற்ற சிமொரீன் என்னும் இளவரசி, கசூல் என்னும் பெண் டிராகனிடம் தானே சென்று, சமைக்கவும் நூலகத்தை ஒழுங்குபடுத்தவும் பணியேற்கிறாள். மீட்க வரும் வீரர்களிடம் தனக்கு மீட்பு வேண்டியதில்லை என்று பொறுமையாக விளக்கித் திருப்பி அனுப்புவதே அவளுக்குப் பெரும்பாடாகிறது. மந்திரவாதிகளை வீழ்த்துவது வாளன்று, எலுமிச்சைச் சாறு கலந்த சோப்புத் தண்ணீர்! என் மகன் அந்தப் பக்கத்தை மூன்று முறை உரக்க வாசித்தான்.

மறுமொழி 2:
டயானா வின் ஜோன்ஸின் 'ஹவுல்ஸ் மூவிங் காஸில்' (1986) நாவலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூத்த மகளுக்குத் தோல்வியே விதி என்னும் கதை வழக்கத்தை உண்மையென நம்பி அடங்கியிருந்த சோஃபி, சூனியக்காரியால் கிழவியாக்கப்பட்ட பிறகுதான் துணிந்து பேசத் தொடங்குகிறாள். நகைச்சுவை அங்கிருந்தே ஊறுகிறது. இதைத் தழுவி ஜப்பானிய இயக்குநர் மியாசாகி எடுத்த 2004 திரைப்படம் நாவலிலிருந்து வெகுவாக வேறுபடுவதால், நூலை முதலில் வாசிப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சிமொரீனிலிருந்தே தொடங்குகிறோம்.