மறு: கேட்டமரானைத் தமிழில் எப்படிச் சொல்வது?

> கேட்டமரான் என்பதே நம்ம கட்டுமரம்தானே தம்பி. நம் சொல் ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்புகிறது. அதற்கு எதற்குப் புதுப்பெயர்?

அண்ணா, எனக்கும் அந்த ஆசை இருந்தது. அமெரிக்கா கோப்பைப் படகுப் பந்தய வரலாற்றில் 1988-ஆம் ஆண்டுப் பத்தியில் ‘கட்டுமரம்’ என்று எழுதியும் விட்டேன். மறுநாள் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நடந்தது இதுதான். படகு நீர்மட்டத்தில் 90 அடி வரை இருக்கலாம், ஒற்றைப் பாய்மரமாக இருந்தால், என்கிறது கோப்பையின் கொடை ஆவணம், அதாவது கோப்பையைக் கொடுத்தவர்கள் போட்டி விதிகளை எழுதிவைத்த பத்திரம். நியூசிலாந்தின் மைக்கேல் ஃபே அந்த வரியைப் பிடித்துக்கொண்டு 90 அடிப் படகோடு சவால் விட்டார். கோப்பையை வைத்திருந்த சான் டியேகோ படகுக் கழகம் பதிலுக்கு இரண்டு உடல் கொண்ட 60 அடிக் கேட்டமரானை இறக்கி, 2-0 என்று கதையை முடித்துவிட்டது. படகுக்கு எத்தனை உடல் என்று ஆவணத்தில் ஒரு வார்த்தை இல்லையே! வழக்கு நியூயார்க் நீதிமன்றங்களில் ஏறி இறங்கி, 1990-இல் சான் டியேகோவுக்கே சாதகமாக முடிந்தது. இந்த இடத்தில் கட்டுமரம் என்று எழுதினால், நாலு மரத்தைக் கட்டிக்கொண்டு வந்து ஜெயித்தார்கள் என்றல்லவா வாசகர் நினைப்பார்?

கட்டுமரத்துக்கு உள்பக்கம் என்று ஒன்றே கிடையாது. அலை இடுக்கு வழியாக ஏறும், இடுக்கு வழியாகவே இறங்கும். ஓட்டை விழுந்து மூழ்குமோ என்ற கவலையே இல்லை. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் காயப்போடுவார்கள். அவற்றின் மேல் உட்கார்ந்து டவுசரை உப்பாக்கிக்கொண்டு வீட்டில் திட்டு வாங்கியவன் நான். கேட்டமரானில் இருப்பதோ உள்ளே கூடான இரண்டு உடல்கள், நடுவில் வெறும் இடைவெளி. நம் கரையில் பொறுக்கிய சொல்லை ஆங்கிலம் பிற்பாடு வேறொரு படகின் தலையில் கட்டிவிட்டது.

அந்தப் படகுக்கும் ஒரு கதை உண்டு. 1876-இல் நத்தானியேல் ஹெரஷாஃப் ‘அமரிலிஸ்’ என்ற இரட்டையுடல் படகை நியூயார்க் பந்தயத்தில் விட்டு மற்றவர்களைத் தோற்கடித்தார். முறையீடு கிளம்பியது, படகைத் தகுதி நீக்கம் செய்தார்கள். 1893 முதல் 1920 வரை அமெரிக்கா கோப்பையைக் காத்த படகுகளை வரைந்தவரும் இதே மனிதர்தான், எல்லாமே ஓருடல் படகுகள்! 112 வருஷம் கழித்து அந்த இரட்டையுடல் நீதிமன்றப் படியேறி உள்ளே வந்தது. 2013-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் 72 அடிக் கேட்டமரான்கள் தண்ணீரைவிட்டு எழும்பியே ஓடின.

மூன்று உடல் படகுக்கு ஆங்கிலத்தில் வைத்த ‘டிரைமரான்’ இன்னும் வேடிக்கை. நம் சொல்லில் ‘கட்டு’ போய்விட்டது, ‘மரம்’ மட்டும் வாலாகத் தொங்குகிறது. படகில் மரமே இல்லாவிட்டாலும்.

என் பரிந்துரை: ஓருடலி, ஈருடலி, மூவுடலி.

—

தம்பி, கட்டுமரத்தை விட்டுவிட்டேன். நீங்கள் சொன்னது சரி. ஆனால் ‘ஈருடலி’ என்றதும் எனக்கு மெல்லுடலிதான் ஞாபகம் வருகிறது. நத்தை, கணவாய் வரிசையில் ஒரு பந்தயப் படகா? ஓடத்தை வைத்து ‘ஈரோடம்’ என்று பார்த்தேன். பேருந்து நிலையத்தில் யாரோ கூவுவது போல இருக்கிறது, வேண்டாம்.

இன்னொன்று. கட்டுரையில் பாதி இடங்களில் ‘அமெரிக்கக் கோப்பை’ என்று வந்திருக்கிறது. 1851-இல் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி வந்து ஜெயித்த படகின் பெயர் ‘அமெரிக்கா’. கோப்பைக்குப் பெயர் அந்தப் படகால் வந்தது, நாட்டால் அல்ல. ஒரு ‘க்’ போட்டு நாட்டுக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

—

அண்ணா, அந்த ‘க்’கை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டேன். நல்லவேளை சொன்னீர்கள்.

நத்தையும் சரிதான். அப்படியானால் கடைசி எழுத்தை விட்டுவிட்டுப் படகைச் சேர்த்துக்கொள்ளலாம்: ஈருடல் படகு. ‘ஓருயிர் ஈருடல்’ என்று கல்யாண வாழ்த்தில் சொல்கிறோமே, விளக்கக் குறிப்பே தேவைப்படாது. ‘இரட்டைப் படகு’ என்றால் இரண்டு படகு என்றும் பொருள்பட்டுவிடும். கேட்டமரானை முதல் தடவை வரும்போது மட்டும் பக்கத்தில் சொல்லிவிட்டு அப்புறம் ஈருடல் படகு என்றே போகிறேன். ‘கட்டுமரம்’ சொல் பிறந்த கதையைச் சொல்லும் ஒரே ஒரு வரியில் இருக்கட்டும்.

2010-ஆம் ஆண்டு வரியில் வைத்துப் பார்த்தேன்: “வலென்சியாவில் அமெரிக்க அணியின் மூவுடல் படகு, சுவிஸ் அணியான அலிங்கியின் ஈருடல் படகை 2-0 என்று வென்றது.” வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், எங்கும் இடறவில்லை. ஆனால் 2013-இல் படகைத் தூக்கிய அந்தத் தண்ணீருக்கடிச் சிறகு இருக்கிறதே, அதற்கு ‘நீர்ச்சிறகு’ போதுமா? தனி இழையாகத் தொடங்குகிறேன்.