பேட் நனைகிறது, பிபி நார்மல்: பிரசவத்துக்குப் பிந்தைய முதல் இரண்டு மணி நேரத்தில் எதை நம்புவது?

இரவுப்பணி_சிஸ்டர்:
பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலையம்) லேபர் ரூம். சுகப்பிரசவம். குழந்தை பிறந்ததும் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் 10 யூனிட் தசையில் போட்டாச்சு, நஞ்சுக்கொடியும் வந்தாச்சு. அரை மணி கழித்துப் பேட் தொப்பலாக நனைகிறது. பிபி 110/70. கர்ப்பப்பை தொப்புளுக்கு மேலே ஏறி, வலப்பக்கம் ஒதுங்கி, மெத்தென்று இருக்கிறது. இந்த நிலையில் எதை முதலில் செய்யணும்? கர்ப்பப்பை கல் மாதிரி இருந்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால் எங்கே தேடணும்? புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும், அதனால் கையில் எப்படித் தெரியும் என்கிற அளவுக்கு எழுதுங்கள்.

வார்டு_அக்கா:
மேலே ஏறி வலப்பக்கம் ஒதுங்கினாலே மூத்திரப்பை நிரம்பியிருக்கு என்று சந்தேகப்படணும். நிரம்பிய பை கர்ப்பப்பையைச் சுருங்க விடாது. எவ்வளவு தேய்த்தாலும் கையை எடுத்ததும் மறுபடி இளகிவிடும்.

முதலில் குரல் கொடுத்து இன்னொருவரைக் கூப்பிடுங்கள். ஒரு கையை அடிவயிற்றில், இடுப்பெலும்புக்கு சற்று மேலே, அணையாக வையுங்கள். மற்ற கையைக் குவித்து, கர்ப்பப்பையின் உச்சியை வட்டமாகத் தேய்க்கணும். அணை இல்லாமல் மேலிருந்து அழுத்தினால் கர்ப்பப்பை உள்வெளியாகப் புரள வாய்ப்பு உண்டு. கெட்டியான பிறகுதான் உள்ளே தேங்கிய கட்டிகளை அழுத்தி வெளியேற்றணும். மெத்தென்று இருக்கும்போது அழுத்தக்கூடாது. கூடவே பெட்பேன் வைத்துப் பாருங்கள், போகவில்லை என்றால் உடனே கதீட்டர் (மூத்திரக் குழாய்). ரத்தம் போகும்போது நடத்திக் கழிப்பறைக்கு அனுப்பாதீர்கள், பாதி வழியில் மயங்கி விழுவார்.

பிபி 110/70 என்பதில் ஆறுதல் தேடாதீர்கள். ஆரோக்கியமான கர்ப்பிணி உடம்பு நிறைய ரத்தம் இழக்கும் வரை பிபியைத் தாங்கிப் பிடித்திருக்கும். பல்ஸ்தான் முதலில் ஏறும். பல்ஸை மேல் பிபியால் வகுங்கள். பல்ஸ் 100 என்றால், 100ஐ 110ஆல் வகுத்தால் 0.9, அதுவே எச்சரிக்கை மணி.

இன்னொன்று, பேடை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். படுத்திருக்கும்போது ரத்தம் பிட்டத்தின் அடியில் வழிந்து முதுகுப் பக்கம் தேங்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து விரிப்பைப் பாருங்கள். கண் அளவு பெரும்பாலும் குறைத்துத்தான் மதிப்பிடும். குழந்தை வந்ததும் பனிக்குட நீர் நனைந்த துணியை அகற்றி உலர்ந்த பேட் வையுங்கள், பிறகு எடை போடுங்கள். காய்ந்த பேடின் எடையைக் கழித்தால் 1 கிராம் ஏறக்குறைய 1 மி.லி. 500 மி.லி. ஆகும் வரை காத்திருக்க வேண்டாம். 300 தாண்டி, பல்ஸோ பிபியோ மாறியிருந்தால் சிகிச்சையைத் தொடங்கிவிடணும்.

தையல்_மேஜை:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கர்ப்பப்பை கெட்டி, ரத்தம் பளீர் சிவப்பாக விடாமல் வழிகிறது என்றால் கிழிசல். நல்ல வெளிச்சத்தில் கர்ப்பப்பை வாயைச் சுற்றிப் பாருங்கள், குறிப்பாகக் கடிகாரத்தின் 3, 9 மணி இடங்களில். நஞ்சுக்கொடியைத் தட்டில் விரித்து மறுபடி பாருங்கள். ஒரு மடல் இல்லையா? சவ்வின் விளிம்பில் ரத்தக்குழாய் அறுந்து நிற்கிறதா? அப்படியானால் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம்.

தவறவிடுவது பெரும்பாலும் ரத்தக்கட்டு வீக்கம்தான், அதாவது ரத்தம் உள்ளேயே தேங்கி உப்புவது. வெளியே ரத்தம் அதிகம் இருக்காது. "மலம் வர மாதிரியே இருக்கு சிஸ்டர், உட்கார முடியல" என்பார். தையல் வலி என்று மாத்திரை கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். வலி தையலுக்குப் பொருந்தாத அளவு கடுமை, பல்ஸ் ஏற்றம், ஒரு பக்கம் பளபளவென்று உப்பிய தோல், இவை இருந்தால் டாக்டரைக் கூப்பிடணும்.

ரத்தம் தண்ணியாக, கட்டியே பிடிக்காமல் போனால் 2 மி.லி. ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, உள்ளங்கையில் மூடிப் பிடியுங்கள். 7 நிமிடத்தில் உறையவில்லை, அல்லது லேசாகச் சாய்த்ததும் உடைகிறது என்றால் உறைதலில் கோளாறு.

இரவுப்பணி_சிஸ்டர்:
நன்றி. மருந்துகளின் வரிசை? கர்ப்பப்பையைச் சுருக்கும் இன்னொரு ஊசியான மெத்தர்ஜினைத்தான் எல்லாரும் முதலில் தேடுகிறார்கள்.

மருந்து_அலமாரி:
முதலில் ஆக்சிடோசின்தான். 500 மி.லி. ரிங்கர் லாக்டேட்டில் (நரம்பில் ஏற்றும் உப்புக்கரைசல்) 20 யூனிட், நிமிடத்துக்கு 40–60 சொட்டு. கலக்காமல் நரம்பில் சட்டென்று தள்ளினால் பிபி சரியும். இழந்த ரத்தத்துக்கான திரவத்தை இன்னொரு கையில் பெரிய வென்ஃப்ளான் (நரம்பில் செருகும் குழாய்) போட்டுத் தனியாக ஏற்றுங்கள்.

கூடவே ரத்தக்கட்டு கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், 10 நிமிடத்தில் நரம்பு வழியே மெதுவாக. பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் கொடுக்கணும். அரை மணிக்குப் பிறகும் ரத்தம் போனால் இன்னொரு கிராம். இதை முதுகுத்தண்டு மயக்க மருந்தின் பக்கத்தில் அடுக்காதீர்கள். ஆம்பியூல் (மருந்துக் குப்பி) மாறி முதுகில் ஏறிய விபத்துகள் உலகில் பல இடங்களில் நடந்திருக்கின்றன.

மெத்தர்ஜின் 0.2 மி.கி. தசையில். பிபி அதிகம் உள்ளவர், இதய நோயாளிக்குக் கூடாது. கர்ப்பப்பையைச் சுருக்கும் மற்றொரு ஊசியான கார்போபிராஸ்ட் 250 மைக்ரோகிராம் தசையில் மட்டும், ஆஸ்துமா இருந்தால் தொடவே வேண்டாம். ஊசி எதுவும் கைவசம் இல்லாவிட்டால் மிசோபிராஸ்டால் மாத்திரை 800 மைக்ரோகிராம் நாக்கின் கீழ். பிறகு நடுக்கமும் காய்ச்சலும் வரும், கிருமித் தொற்று என்று பதறாதீர்கள்.

ஆக்சிடோசின் 2–8 டிகிரியில் இருக்கணும். மேசை மேல் கிடந்த ஆம்பியூலைப் போட்டுவிட்டு "கேட்கலையே" என்றால் கோளாறு மருந்தில்.

வார்டு_அக்கா:
ஒரு திருத்தம். ஆக்சிடோசின் போட்டு, கர்ப்பப்பை கெட்டியாக இருக்கும் தாயைத் தடுப்புக்காக விடாமல் தேய்க்க வேண்டாம். வலிதான் மிச்சம். முதல் இரண்டு மணி நேரமும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தால் போதும். இளகினால் தேய்க்கணும்.

தையல்_மேஜை:
108 வரும்வரை இரு கை அழுத்தத்தை நிறுத்தாதீர்கள். ஒரு கை முஷ்டியாக யோனிக்குள், கர்ப்பப்பை வாய்க்கு முன்னால். மற்ற கை வயிற்றின் மேலிருந்து கர்ப்பப்பையின் பின்பக்கத்தை அதை நோக்கி அழுத்தணும். ஷாக் உடுப்பு (கால், இடுப்பு, வயிற்றை இறுக்கிக் கட்டும் பட்டைகள் கொண்ட உடை) இருந்தால் கணுக்காலிலிருந்து மேல்நோக்கிக் கட்டுங்கள். கழற்றுவதும் கணுக்காலிலிருந்தே, ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் 15 நிமிட இடைவெளி விட்டு. நடுவில் மேல் பிபி 20 இறங்கினாலோ பல்ஸ் 20 ஏறினாலோ மறுபடி கட்டிவிட்டு ரத்தம் எங்கிருந்து போகிறது என்று தேடுங்கள்.

கேஸ் ஷீட்டில் "மிதமான ரத்தப்போக்கு" என்று எழுதி அனுப்பாதீர்கள். எத்தனை பேட், எத்தனை கிராம், எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். அங்கே வாங்குபவர் டிரானெக்ஸாமிக் அமிலத்துக்கான மூன்று மணி நேரக் கணக்கை அதிலிருந்துதான் போடணும்.