தாத்தா வண்டியின் மேக்னெட்டோ

குழு: தாத்தா வீட்டுச் சொந்தங்கள் (பர்மா, மோல்மேன்)

பெரியப்பா: நேற்று முடோன் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். காலையில் மோல்மேன் வீட்டு வாசலில் இரண்டே உதையில் வண்டி பிடித்தது. வழியெல்லாம் ஒரு விக்கல் இல்லை. முடோனில் டீ குடித்துவிட்டு வந்து உதைத்தால் சத்தமே இல்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், பொறி வரவில்லை. வெயில் இறங்கின பிறகு அதே பிளக்கில் உடனே பிடித்தது.

அத்தை: இருட்டுவதற்குள் வீடு வந்து சேர வேண்டிய காலம் அண்ணே இது. நடுவழியில் நிற்கிற வண்டியில் பங்குனி உத்திரத்துக்குப் போக வேண்டாம். பேருந்திலேயே போகலாம்.

ரங்கூன் அண்ணன்: அப்பா, இதைத்தான் நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் அந்த மேக்னெட்டோவை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுங்கள். மின்சாரத்தை அறுத்துச் சேர்க்கும் பாயின்ட் கிடையாது, தேய்மானம் கிடையாது, கேப் பார்க்கும் வேலை கிடையாது. ஒரு தடவை டைமிங், அதாவது பொறி விழும் நேரம், வைத்தால் அப்படியே நிற்கும். ரங்கூன் நகருக்குள் 2003லிருந்து மோட்டார் சைக்கிள் ஓட்டவே தடை. ஊருக்கு வந்தால்தான் நான் ஏறுகிறேன். வந்த அன்றைக்கு அது ஓட வேண்டும், எனக்கு அவ்வளவுதான்.

சித்தப்பா: நீ சொல்லும் பெட்டிக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்?

ரங்கூன் அண்ணன்: பேட்டரி.

சித்தப்பா: நம் பி.எஸ்.ஏ. எம்20இல் இருப்பது 6 வோல்ட் டைனமோ. அது பேட்டரிக்கும் விளக்குக்கும் மட்டும். பொறிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனாலும் வண்டி ஓடும். எலக்ட்ரானிக் போட்டால் பெரும்பாலும் முதலில் 12 வோல்ட்டாக மாற்ற வேண்டும். அப்புறம் பேட்டரி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். வோல்ட்டேஜ் இறங்கினால் அந்தப் பெட்டி தடுமாறும், பொறி கண்ட நேரத்தில் விழும், கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். இங்கே மின்சாரம் வருவதே நாளில் சில மணி நேரம். சார்ஜ் போடுவதை நம்பி அண்ணன் எப்படிக் கிளம்புவார்?

ரங்கூன் அண்ணன்: பேட்டரியே வேண்டாத எலக்ட்ரானிக் மேக்னெட்டோவும் இருக்கிறதே சித்தப்பா. பி.டி.எச். கம்பெனிக்காரர்கள் செய்கிறார்கள். தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

சித்தப்பா: இருக்கிறது, நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். அதோடு நம் வண்டியில் இருப்பது லூகாஸ் மேக்டைனோ. மேக்னெட்டோவின் முதுகில் டைனமோவைப் பட்டை போட்டுக் கட்டியிருக்கிறது. டைனமோ சுற்றுவதே மேக்னெட்டோவின் பல்சக்கரத்தால்தான். கீழே இருப்பதை எடுத்தால் மேலே இருப்பதற்கும் வழி தேட வேண்டும்.

நான்: சித்தப்பா, சூடானால் மட்டும் ஏன் பொறி போகிறது? காந்தம் பலம் இழந்துவிட்டதா?

சித்தப்பா: இல்லை பாப்பா. காந்தம் சோர்ந்திருந்தால் காலையிலும் பிடித்திருக்காது. உதைக்கும்போது மேக்னெட்டோ மெதுவாகத்தான் சுற்றும், எஞ்சின் வேகத்தில் பாதி. பலவீனம் இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். காலையில் பிடித்து, சூட்டில் செத்து, ஆறினால் மறுபடி உயிர் வருகிறது என்றால் எனக்குச் சந்தேகம் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கன்டென்சர் மேல்.

கேள். சுற்றுகிற இரும்பில் தடித்த கம்பி குறைந்த சுற்றும், அதன்மேல் தலைமுடியை விட மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான சுற்றும் இருக்கிறது. காந்தத்துக்கு நடுவே சுற்றும்போது தடித்த கம்பியில் மின்சாரம் ஓடும். அது உச்சத்தில் இருக்கும்போது பாயின்ட் திறந்து சட்டென்று அறுக்கிறது. அந்த அறுப்பில்தான் மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி பிளக்குக்குப் போகிறது. அறுப்பு சுத்தமாக இருக்க வேண்டும். கன்டென்சர் கெட்டால் மின்சாரம் பாயின்ட்டிலேயே நீலப் பொறியாகக் கரைந்துவிடும், பிளக்குக்கு மிச்சம் வராது.

அந்தக் கன்டென்சர் ஆர்மேச்சருக்குள்ளேயே, அதாவது அந்தச் சுற்றுகிற பாகத்துக்குள்ளேயே, புதைந்து கிடக்கிறது. பழைய காலத்தது காகிதமும் உலோகத் தகடும் மெழுகும். சூடானால் கசியும்.

பெரியப்பா: ஆர்மேச்சரை முன்னமே கட்டினோமே தம்பி?

சித்தப்பா: கட்டினவர் காயிலை மட்டும் புதிதாகச் சுற்றிவிட்டுக் கன்டென்சரை அப்படியே விட்டிருப்பார் என்று நினைக்கிறேன் அண்ணே. நிறைய இடத்தில் அப்படித்தான் நடக்கிறது. அப்புறம் மேக்னெட்டோவே மோசம் என்று பெயர் வந்துவிடுகிறது. திறந்து பார்ப்போம். பாப்பா, நீயே கழற்று. ஆர்மேச்சரை இழுப்பதற்கு முன்னால் பிளக் வயர் வந்து சேரும் பிக்அப்பைக் கழற்று, எர்த் பிரஷ்ஷைக் கழற்று, பக்கத்தில் இருக்கும் சேஃப்டி ஸ்க்ரூவையும் கழற்று. அதை மறந்து இழுத்தால், பொறி மின்சாரத்தை வெளியே கொடுக்கும் வளையமான ஸ்லிப் ரிங் உடையும். வெளியே வந்த உடனே காந்தத்தின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு இரும்புத் துண்டை வை.

---

நான்: [படம்] கழற்றிவிட்டேன். ஆர்மேச்சரைச் சுற்றிப் பழுப்பாக வழிந்திருக்கிறது. விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, கருகின வாசனை.

சித்தப்பா: அது ஷெல்லாக், ஒருவகை அரக்கு. பழைய முறையில் காயிலை அதில்தான் தோய்ப்பார்கள். நம் ஊர்ச் சூட்டில் எஞ்சின் சூடும் சேர்ந்தால் இளகி வெளியே வரும். ஆறினதும் இறுகி ஆர்மேச்சரே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவதும் உண்டு. இந்தத் தடவை எபாக்ஸியில் தோய்க்கச் சொல்வோம்.

நான்: பாயின்ட் இரண்டும் கருத்துப்போய், ஒன்றில் குழி, இன்னொன்றில் மேடு.

சித்தப்பா: கன்டென்சர் கெட்டதற்கு அது நல்ல அடையாளம். காயில் கடையில் மெக்கர் என்ற கசிவு பார்க்கும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல். மல்ட்டிமீட்டர் போதாது, 500 வோல்ட் போட்டால்தான் கசிவு தெரியும். குளிராக ஒரு தடவை, ஹாட் ஏர் கன்னில் சூடாக்கி ஒரு தடவை.

நான்: பார்த்தாச்சு. குளிராக முள் மேலேயே நின்றது. சூடாக்க ஆரம்பித்ததும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அடியில் போய்ப் படுத்துவிட்டது. கன்டென்சர் பழையதேதான்.

ரங்கூன் அண்ணன்: சரி, முள்ளே சொல்லிவிட்டது. என்ன போடப் போகிறீர்கள்?

சித்தப்பா: இந்தக் காலத்து நல்ல கன்டென்சர், 0.15 முதல் 0.2 மைக்ரோஃபாரட்டுக்குள், சூடு தாங்குவது. பழையதை முழுக்க அறுத்து எடுத்துவிட வேண்டும். பக்கத்தில் புதிதை வைத்துப் பழையதையும் விட்டால் அது கசிந்துகொண்டேதான் இருக்கும். அந்த ஒரு சாமானில் நானும் உன் கட்சிதான். எலக்ட்ரானிக் உலகம் கொடுத்த நல்ல கன்டென்சரை 1940களின் மேக்னெட்டோவுக்குள் வைக்கிறோம்.

பெரியப்பா: எனக்கு அந்த லீவர் போகக் கூடாது, அவ்வளவுதான். கைப்பிடியில் ரிடார்டு பண்ணிவிட்டு, அதாவது பொறியைத் தாமதப்படுத்திவிட்டு, உதைத்தால் முட்டிக்கு நோவு இல்லை. பிடித்த பிறகு மெல்ல அட்வான்ஸ் பண்ணி, பொறியை முன்னதாக விழவைக்கும்போது எஞ்சின் சத்தம் மாறுவதைக் கேட்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சித்தப்பா: லீவர் இருக்கும் அண்ணே. ஆனால் முழுக்க ரிடார்டு வேண்டாம். இந்த மாதிரி மேக்னெட்டோவில் ரிடார்டு பண்ணப் பண்ணப் பொறி மெலியும். பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்து உதையுங்கள்.

---

நான்: ஆர்மேச்சர் வந்துவிட்டது. பாயின்ட் கேப் 0.012 அங்குலம் வைத்தேன். ஸ்லிப் ரிங்கைப் பெட்ரோல் துணியால் துடைத்தேன். கார்பன் பிரஷ் தாராளமாகப் போய் வருகிறது. கையால் சுற்றி, வயரை எஞ்சின் தலைக்கு 5 மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்தால் பொறி குதிக்கிறது!

சித்தப்பா: அருமை. இனி டைமிங். லீவரை முழு அட்வான்ஸில் வை. கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சத்துக்கு 7/16 அங்குலம், அதாவது சுமார் 11 மில்லிமீட்டர் கீழே நிற்கட்டும். பாயின்ட்டுக்கு நடுவே சிகரெட் தாளை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே இரு. தாள் விடுபடுகிற இடத்தில்தான் மேக்னெட்டோவைச் சுற்றும் சக்கரத்தை அதன் தண்டின் கூம்பில் தட்டி இறுக்க வேண்டும். இறுக்கின பிறகு மறுபடி பார், இறுக்கும்போது நகர்ந்துவிடும். பிளக் கேப் 0.018 அங்குலம், அதற்கு மேல் திறக்காதே.

ரங்கூன் அண்ணன்: சித்தப்பா, ஒரு நண்பர் 1970களின் டிரயம்ஃப் வைத்திருக்கிறார். ஆல்டர்னேட்டர், 12 வோல்ட், பாயின்ட் அடிக்கடி தொல்லை. அவருக்கும் இதே பதில்தானா?

சித்தப்பா: இல்லை. அந்த வண்டிக்குப் பொறி ஏற்கெனவே பேட்டரியிலிருந்துதான் வருகிறது. எலக்ட்ரானிக் போட்டால் அவர் எதையும் இழக்க மாட்டார், பாயின்ட் தொல்லைதான் போகும். யோசிக்காமல் போடச் சொல். முதலில் பேட்டரி வயரும் எர்த்தும் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

நான்: மறுபடி பார்த்ததில் கொஞ்சம் நகர்ந்திருந்தது. திரும்ப வைத்து இறுக்கிவிட்டேன். இப்போது சரியாக 7/16.

அத்தை: அப்போ பேருந்து டிக்கெட் எனக்கு மட்டும் எடுக்கட்டுமா?

பெரியப்பா: எடு. பழம், பூ எல்லாம் நீ கொண்டு வா. நானும் பாப்பாவும் வண்டியில் வருகிறோம்.